ஸ்மார்ட் போர்டு வாங்கிக் கொடுத்தால் போதுமா? சிமுலேஷன் பாடம் எங்கே ஜெயிக்கிறது, எங்கே சொதப்புகிறது?

பத்தாம் வகுப்பு பேட்ச்சின் வாட்ஸ்அப் குரூப். பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் மீம்ஸுக்கும் நடுவே ஒரு மெசேஜ் வந்து விழுகிறது: "நம்ம ஸ்கூலுக்கு ஏதாவது செய்யணும்டா. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஸ்மார்ட் போர்டு வாங்கிக் கொடுத்தா என்ன?" கொஞ்ச நேரத்தில் பணம் சேர ஆரம்பித்துவிடும். தமிழ்நாட்டில் பல அரசுப் பள்ளிகளுக்கு டிஜிட்டல் வசதி வந்தது இப்படித்தான். 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டமும் முன்னாள் மாணவர்களை, நிறுவனங்களை இதற்காகவே அழைக்கிறது.

நல்ல மனசுதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த போர்டு வந்த பிறகு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பாடம் கூடுதலாகப் புரியுமா?

இதைக் கடந்த 20 ஆண்டுகளில் பல நாடுகளில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 'புரிந்தது' என்றும் விடை வந்திருக்கிறது. 'எந்த மாற்றமும் இல்லை' என்றும் வந்திருக்கிறது. குஜராத்தில் ஒரே சாஃப்ட்வேர் ஓர் இடத்தில் மார்க்கை ஏற்றியது, இன்னோர் இடத்தில் இறக்கியது. ஏன் இப்படி?

முதலில் ஒரு சின்ன டெஸ்ட்

ஒரு பேட்டரி. ஒரே மாதிரியான இரண்டு பல்புகள். இரண்டையும் தொடரிணைப்பில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, வயரில் மாட்டுகிறார்கள். எந்த பல்பு பிரகாசமாக எரியும்?

'முதல் பல்பு' என்று சொல்பவர்கள் நிறைய பேர். முதல் பல்பு கொஞ்சம் கரன்ட்டைச் 'சாப்பிட்டுவிடும்', மிச்சம்தான் அடுத்ததுக்குப் போகும் என்பது அவர்கள் மனக்கணக்கு. சரியான விடை, இரண்டும் ஒரே அளவுதான் எரியும். தொடரிணைப்பில் எந்த இடத்தில் அளந்தாலும் மின்னோட்டம் ஒன்றுதான். பல்பில் ஒளியாகவும் வெப்பமாகவும் மாறுவது ஆற்றல். மின்னோட்டம் அங்கே தீர்ந்துபோவதில்லை.

பத்தாம் வகுப்பு 'மின்னோட்டவியல்' பாடத்தைப் படித்து, ஓம் விதியை எழுதி, மார்க் வாங்கி, இன்ஜினீயரிங் முடித்தவர்கள்கூட இந்தக் கேள்வியில் ஒரு நொடி தடுமாறுவார்கள். வயருக்குள் நடப்பது கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் சிக்கல். மனசில் ஒரு தப்பான படம் பதிந்துவிட்டால், சூத்திரத்தை மனப்பாடம் செய்தாலும் அந்தப் படம் அழியாது.

சிமுலேஷனுக்கு வேலை வருவது இங்கேதான்.

வீடியோ வேற, சிமுலேஷன் வேற

'டிஜிட்டல் கல்வி' என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு சரக்குகள் விற்கின்றன. வித்தியாசம் தெரிந்திருப்பது முக்கியம்.

முதலாவது வீடியோ, அனிமேஷன். பாடம் ஓடும், பிள்ளை பார்க்கும். வேண்டுமானால் நிறுத்தலாம், திரும்பப் பார்க்கலாம். அவ்வளவுதான்.

இரண்டாவது பயிற்சி சாஃப்ட்வேர். கேள்வி கேட்கும், விடை சொன்னால் சரியா தப்பா என்று காட்டும். நல்ல சாஃப்ட்வேராக இருந்தால், பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று கண்டுபிடித்து அதற்கேற்ற அடுத்த கேள்வியைத் தரும்.

மூன்றாவதுதான் சிமுலேஷன். இதில் பின்னணியில் ஒரு கணித மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். பேட்டரியின் மின்னழுத்தத்தை ஏற்றினால் பல்பின் வெளிச்சம் கூடும். ஒரு வயரைக் கழற்றினால் எல்லாம் அணையும். யாரும் முன்கூட்டியே படம் பிடித்து வைத்தது இல்லை. பிள்ளை என்ன செய்கிறதோ அதற்கேற்ப விடை மாறும். 'இப்படிச் செஞ்சா என்ன ஆகும்?' என்று கேட்க முடிவது இதில்தான்.

விமானிகளுக்கு இது பழைய விஷயம். உயர்தர சிமுலேட்டரில் பயிற்சி எடுத்த அனுபவசாலி பைலட், புதிய ரக விமானத்தை முதன்முதலாக நிஜத்தில் ஓட்டும்போதே பின்னால் பயணிகள் உட்கார்ந்திருக்க விதிகள் அனுமதிக்கின்றன. கூடவே பயிற்சி கேப்டன் ஒருவர் இருப்பார்.

நிஜ லேபை ஜெயித்த சிமுலேஷன்

பள்ளி, கல்லூரிப் பாடங்களில் இதற்குப் பெரிய உதாரணம் 'ஃபெட்'. 2001-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன், அடுத்த ஆண்டே அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் இது. இன்று 150-க்கும் அதிகமான சிமுலேஷன்கள் இருக்கின்றன. எல்லாம் இலவசம். போனிலேயே ஓடும். தமிழிலும் பல கிடைக்கின்றன.

இதில் ஒரு மின்சுற்று சிமுலேஷன் உண்டு. பேட்டரி, வயர், பல்பு, ஸ்விட்ச் எல்லாவற்றையும் இழுத்து வைத்து சுற்று கட்டலாம். வயருக்குள் எலக்ட்ரான்கள் நீலப் புள்ளிகளாக நகர்வது தெரியும். முதல் பல்புக்கு முன்னும், இரண்டாவது பல்புக்குப் பின்னும் அவை ஒரே வேகத்தில் போவதைப் பிள்ளை தானே பார்க்கும். ஷார்ட் சர்க்யூட் செய்தால் பேட்டரி தீப்பிடிக்கும், ஸ்க்ரீனில்தான்.

2005-ல் இந்தக் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. கல்லூரி இயற்பியல் மாணவர்களில் ஒரு பகுதியினர் நிஜ உபகரணங்களோடு லேப் செய்தார்கள். இன்னொரு பகுதியினர் சிமுலேஷனில் மட்டும் செய்தார்கள். பிறகு எல்லோரிடமும் நிஜ வயர், நிஜ பல்புகளைக் கொடுத்து ஒரு சுற்றைக் கட்டி, அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்கச் சொன்னார்கள். அதுவரை நிஜ வயரையே தொடாத சிமுலேஷன் குழு, சுற்றைக் கட்டுவதிலும் விளக்குவதிலும் முந்தியது. கருத்துகளைச் சோதிக்கும் தேர்விலும் அவர்களே முன்னிலை.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். நிஜ லேபில் லூஸ் கனெக்‌ஷன், ஃப்யூஸ் போன பல்பு, எந்த வயர் எங்கே போகிறது என்ற குழப்பம் என்று பாதி நேரம் போய்விடும். சிமுலேஷன் அந்தச் சத்தத்தை எல்லாம் அடக்கிவிட்டு, பார்க்க வேண்டியதை மட்டும் காட்டுகிறது.

ஒன்றை மறக்கக் கூடாது. ஆய்வை நடத்தியவர்கள், சிமுலேஷனை உருவாக்கிய குழுவினரே. அதனால் மற்ற இடங்களில் என்ன நடந்தது என்றும் பார்க்க வேண்டும்.

குஜராத்: ஒரே சாஃப்ட்வேர், இரண்டு ரிசல்ட்

குஜராத்தில் 'ஞான் சாலா' என்ற தொண்டு நிறுவனம் ஏழைக் குழந்தைகளுக்குக் குறைந்த செலவில் பள்ளிகளை நடத்துகிறது. அங்கே 2, 3-ம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கணித சாஃப்ட்வேரை அறிமுகப்படுத்தினார்கள். பொருளாதார ஆய்வாளர் லீ லிண்டன் அதன் விளைவை அளந்தார். 2008-ல் ஆய்வறிக்கை வெளிவந்தது.

சாஃப்ட்வேரை இரண்டு விதமாகப் பயன்படுத்தினார்கள். சில பள்ளிகளில் வகுப்பு நேரத்தில், டீச்சர் நடத்தும் பாடத்துக்குப் பதிலாக. வேறு சில பள்ளிகளில் வகுப்பு முடிந்த பிறகு, கூடுதலாக.

கூடுதலாகப் பயன்படுத்திய பிள்ளைகளின் கணித மதிப்பெண் 0.28 திட்ட விலக்கம் அளவுக்கு உயர்ந்தது. கல்வி ஆய்வுகளில் 0.2 வந்தாலே நல்ல முன்னேற்றம் என்பார்கள். டீச்சருக்குப் பதிலாகப் பயன்படுத்திய பள்ளிகளில்? 0.57 திட்ட விலக்கம் குறைந்தது. சாஃப்ட்வேரே இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் கூடுதலாகக் கற்றிருப்பார்கள்.

சாஃப்ட்வேர் மோசமா? இல்லை, அதே சாஃப்ட்வேர்தான். அந்தப் பள்ளிகளில் டீச்சர்கள் ஏற்கெனவே நன்றாகத் திட்டமிட்ட முறையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தைப் பிடுங்கி கம்ப்யூட்டருக்குக் கொடுத்ததுதான் நஷ்டம்.

ஆக, 'இந்த சாஃப்ட்வேர் நல்லதா?' என்ற கேள்வி பாதிக் கேள்விதான். 'எதை வெளியே தள்ளிவிட்டு இது உள்ளே வருகிறது?' என்பது மீதிப் பாதி.

பெரு, டெல்லி சொல்லும் பாடம்

'ஒரு குழந்தைக்கு ஒரு லேப்டாப்' திட்டத்தில் பெரும் நம்பிக்கையோடு இறங்கிய நாடு பெரு. கிராமப்புறங்களில் 319 தொடக்கப் பள்ளிகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2012-ல் வெளியானது. ஒரு மாணவருக்கு 0.12 என்று இருந்த கம்ப்யூட்டர் எண்ணிக்கை 1.18 ஆக உயர்ந்திருந்தது. கணித மதிப்பெண்ணிலும் மொழிப்பாட மதிப்பெண்ணிலும் மாற்றமில்லை. பொதுவான சிந்தனைத் திறனை அளக்கும் சோதனைகளில் மட்டும் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. பெட்டி வந்து சேர்ந்தது. பாடம் நடக்கும் விதம் மாறவில்லை.

டெல்லியில் கதை வேறு. கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் 'மைண்ட்ஸ்பார்க்' என்ற சாஃப்ட்வேரை ஆராய்ந்தார்கள். 2019-ல் வெளியான இந்த ஆய்வில் 619 மாணவர்கள் இடம்பெற்றார்கள். பள்ளி நேரத்துக்கு வெளியே, ஒவ்வொரு வகுப்பிலும் பாதி நேரம் சாஃப்ட்வேர், மீதி நேரம் சிறு குழுவாகப் பயிற்சியாளரோடு. நாலரை மாதத்தில் கணிதத்தில் 0.37, இந்தியில் 0.23 திட்ட விலக்கம் கூடுதல் முன்னேற்றம் கிடைத்தது.

அந்தப் பிள்ளைகளில் பலர் தங்கள் வகுப்புக்குரிய பாடத்தைவிட ஆண்டுக்கணக்கில் பின்தங்கியிருந்தார்கள். ஏழாம் வகுப்பில் உட்கார்ந்திருப்பார், கணக்கில் நாலாம் வகுப்பு நிலையில் இருப்பார். சாஃப்ட்வேர் அவர் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்து தொடங்கியது. பெரிய வகுப்பில் ஒரே டீச்சர் செய்யத் திணறும் வேலை அது. இங்கே சாஃப்ட்வேர் யாருடைய வேலையையும் பிடுங்கவில்லை. யாராலும் செய்ய முடியாமல் இருந்த வேலையைச் செய்தது.

ஏஐ சாட்பாட்டும் விதிவிலக்கில்லை

துருக்கியில் சுமார் ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு. கணிதப் பயிற்சியின்போது ஒரு பிரிவினருக்கு வழக்கமான ஏஐ சாட்பாட் கொடுக்கப்பட்டது. பயிற்சிக் கணக்குகளில் அவர்கள் 48 சதவிகிதம் சிறப்பாகச் செய்தார்கள். பிறகு சாட்பாட் இல்லாமல் தேர்வு வைத்தபோது, ஏஐ-யே பயன்படுத்தாத மாணவர்களைவிட 17 சதவிகிதம் குறைவாக எடுத்தார்கள். விடையை நேரடியாகச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி மாற்றப்பட்ட சாட்பாட்டைப் பயன்படுத்தியவர்களுக்கு இந்தச் சரிவு பெரும்பாலும் ஏற்படவில்லை.

குஜராத்தில் டீச்சரின் இடத்தை மெஷின் எடுத்துக்கொண்டது. இங்கே பிள்ளையின் யோசனை இருந்த இடத்தையே எடுத்துக்கொண்டது.

தமிழ்நாட்டில் நிலைமை என்ன?

வசதி இல்லை என்று இங்கே யாரும் சொல்ல முடியாது. 2011-ல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. 2018 முதல் வந்த புதிய பாடப்புத்தகங்களில் க்யூஆர் கோடு இருக்கிறது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது. கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது. 2023-ல் 'மணற்கேணி' செயலியும் வந்தது.

இவற்றில் பிள்ளைக்குக் கிடைப்பது பெரும்பாலும் முதல் ரகம், அதாவது வீடியோவும் அனிமேஷனும். தவறில்லை. டீச்சர் விடுப்பில் இருக்கும் நாளில், பாடத்தைத் தவறவிட்ட பிள்ளைக்கு இது பெரிய உதவி. ஆனால் பார்ப்பது மட்டுமே கற்பது ஆகாது. ஸ்மார்ட் போர்டில் டீச்சர் சிமுலேஷனை ஓட்டிக் காட்ட, மொத்த வகுப்பும் உட்கார்ந்து பார்த்தால் சிமுலேஷனும் வீடியோவாகத்தான் ஆகிவிடும்.

மார்க் கணக்கும் ஒரு காரணம். பிளஸ் டூ இயற்பியலில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. வீடியோ பார்த்தால் விடை எழுதலாம். சிமுலேஷனில் ஒரு பீரியட் முழுக்க நோண்டிப் பார்த்ததற்குத் தனியாக மார்க் இல்லை. கூடவே, 'எமிஸ்' தளத்தில் தகவல் ஏற்றும் வேலை கற்பிக்கும் நேரத்தைத் தின்கிறது என்பது ஆசிரியர் சங்கங்கள் நீண்ட காலமாகச் சொல்லிவரும் புகார். புதிதாக ஒரு சிமுலேஷனைப் பழகி, அதற்கு ஒரு பாடத்திட்டம் தயாரிக்க டீச்சருக்கு நேரம் வேண்டும்.

இந்தியாவிலேயே உருவான தளங்களும் உண்டு. மத்திய மின்னணுத் துறையின் ஆதரவில் சி-டாக்கும் அமிர்தா விஸ்வ வித்யாபீடமும் உருவாக்கிய 'ஓலேப்ஸ்' பள்ளி மாணவர்களுக்கானது. கல்லூரி மாணவர்களுக்கு ஐஐடி-களின் பங்களிப்போடு 'விர்ச்சுவல் லேப்ஸ்' இருக்கிறது. ஆனால் 'எங்களிடம் விர்ச்சுவல் லேப் இருக்கிறது' என்பது 'எங்களிடம் லேப் இல்லை' என்பதை மறைக்கும் வாக்கியமாக ஆகிவிடக் கூடாது.

ஸ்க்ரீனால் சொல்லித்தர முடியாதது

எந்த சிமுலேஷனும் யாரோ ஒருவர் எழுதிய மாதிரிதான். எதைக் காட்ட வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று அவர் முடிவு செய்திருப்பார். பியூரெட்டைத் திருகி, ஒரு சொட்டு அதிகமாக விழுந்து, கரைசல் அடர் பிங்க்காக மாறி, மறுபடியும் முதலில் இருந்து செய்யும் எரிச்சலை அது தராது. பல்பு எரியவில்லை என்றால் தப்பு எங்கே என்று ஒவ்வொன்றாகத் தேடும் பொறுமையையும் தராது. நிஜ அளவீட்டில் ஒவ்வொரு தடவையும் விடை கொஞ்சம் மாறும், அதை எப்படி எடுத்துக்கொள்வது என்பதும் அறிவியலின் பகுதிதான்.

அணு, வாயு மூலக்கூறு, கோள்களின் சுற்று, பல தலைமுறைகளில் நடக்கும் பரிணாமம் என்று ரொம்பச் சின்னது, ரொம்பப் பெரியது, ரொம்ப மெதுவானது, ஆபத்தானது எல்லாவற்றுக்கும் சிமுலேஷன் கைகொடுக்கும். கையால் செய்து பார்க்கக்கூடியதைக் கையால் செய்வதுதான் நல்லது. சிமுலேஷனில் புரிந்துகொண்டு, பிறகு நிஜத்தில் செய்து பார்த்தால் இரண்டின் பலனும் கிடைக்கும்.

ஒரு பீரியடில் எப்படிச் செய்யலாம்?

ஃபெட் குழுவின் ஆய்வுகளில் தெரியவந்த ஒரு விஷயம் டீச்சர்களுக்கு முக்கியம். 'இதை அழுத்து, அதை மாற்று, இதைக் குறித்துக்கொள்' என்று படிப்படியாகச் சொன்னால், மாணவர்கள் சொன்னதை மட்டும் செய்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். ஒரு நல்ல கேள்வியைக் கொடுத்துவிட்டு விட்டால், தாங்களாகவே நோண்டிப் பார்க்கிறார்கள்.

இரண்டு பல்பு பாடத்தையே எடுத்துக்கொள்ளலாம். முதல் ஐந்து நிமிடம் ஸ்க்ரீனே வேண்டாம். எந்த பல்பு பிரகாசம் என்று ஒவ்வொருவரும் நோட்டில் எழுதட்டும். அடுத்த 15 நிமிடம் இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர் அல்லது போன், சுற்றைக் கட்டிச் சோதிக்கட்டும். அடுத்த 15 நிமிடம் டார்ச் பல்பு, பேட்டரி, வயர் வைத்து நிஜத்தில் செய்யட்டும். கடைசியாக, முதலில் எழுதியது ஏன் தப்பானது என்று வகுப்பில் பேசட்டும். டீச்சரின் வேலை இங்கே குறையவில்லை. சரியான நேரத்தில் சரியான கேள்வி கேட்பது அவரால் மட்டும் முடியும்.

பணம் போடும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

ஸ்கூலுக்கு நன்கொடை கொடுப்பவர்களுக்கும், வீட்டுப் பிள்ளைக்கு ஆப் சந்தா கட்டுபவர்களுக்கும் இவை பொருந்தும்.

1. இது எதன் இடத்தைப் பிடிக்கப்போகிறது? டீச்சர் நேரத்தையா, விளையாட்டு நேரத்தையா, அல்லது இதுவரை யாரும் செய்யாத வேலையையா?

2. மவுஸ் யார் கையில்? பிள்ளை மாற்றிப் பார்க்க முடியுமா, அல்லது உட்கார்ந்து பார்ப்பது மட்டும்தானா?

3. பிள்ளை இப்போது இருக்கும் நிலையிலிருந்து தொடங்குகிறதா, அல்லது எல்லோருக்கும் ஒரே பாடமா?

4. பிள்ளை படிக்கும் மொழியில் இருக்கிறதா? பாடப்புத்தகத்தில் 'மின்தடை' என்று படித்துவிட்டு ஸ்க்ரீனில் வேறு வார்த்தையைப் பார்த்தால் குழப்பம்தான். ஃபெட் மாதிரி தளங்களில் தன்னார்வலர்களே மொழிபெயர்க்க முடியும். பணமில்லாமல் செய்யக்கூடிய உதவி இது.

5. மூன்று வருடம் கழித்து யார் பராமரிப்பார்கள்? 2020 டிசம்பர் 31-ல் அடோபி நிறுவனம் ஃப்ளாஷுக்கான ஆதரவை நிறுத்தியபோது, அதில் உருவான ஏராளமான கல்வி சாஃப்ட்வேர்கள் பிரவுசரில் திறக்காமல் போயின.

அந்த வாட்ஸ்அப் குரூப்பில் இந்த வாரமும் யாராவது ஸ்மார்ட் போர்டு பேச்சை எடுக்கலாம். முதலில் அறிவியல் டீச்சரிடம் ஒரு போன் போட்டு, 'உங்களுக்கு என்ன வேணும் மிஸ்?' என்று கேட்டுப் பாருங்கள். ஹைடெக் லேபில் இணைய இணைப்புதான் பிரச்னை என்று அவர் சொல்லலாம். வகுப்புக்கு 20 செட் டார்ச் பல்பும் பேட்டரியும் போதும் என்றும் சொல்லலாம். போர்டு விலையில் ஒரு சின்னப் பங்கில் முடிந்துவிடும் செலவு அது.